பிரசவங்களை எண்ணி அங்கீகாரம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய மத்திய சுகாதாரத்துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். செவிலியர் கல்லூரிகள் அங்கீகாரம் வாங்கும் விதம் தாங்கள் அறியாததல்ல. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் எங்கள் பிரசவ அறையில் புதிதாகச் சேர்ந்த செவிலியர் முதல் வகுப்பில் தேறியவர். நஞ்சுக்கொடி விழுந்த பிறகும் ஒரு தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. எவ்வளவு போனால் ஆபத்து என்று கேட்டிருந்தால் 500 மி.லி. என்று பட்டென்று சொல்லியிருப்பார். ஆனால் வயிற்றில் கை வைத்து, கருப்பை இறுகியிருக்கிறதா, தொளதொளவென்று கிடக்கிறதா என்று பார்க்க அவருக்குக் கை வரவில்லை. மூத்த செவிலியர் ஓடிவந்து தேய்த்துவிட்டு ஊசி போட்டதால் தாய் பிழைத்தார். படிக்கும்போது பார்த்த பிரசவங்களைப் பதிந்து கையெழுத்து வாங்கும் கேஸ் புக்கில் புதியவருக்கு 20 பிரசவங்கள் இருக்கின்றன. தன் கையால் பார்த்தது இரண்டு என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே அரசு மருத்துவமனையைக் காட்டி நாலைந்து கல்லூரிகள் அங்கீகாரம் வாங்கியிருக்கின்றன. வலியில் துடிக்கும் ஒருத்தியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து மாணவிகள். பின்னால் நிற்பவளுக்குத் தெரிவது முன்னால் நிற்பவளின் முதுகுதான். போர்த்திக்கொள்ளத் துணி கேட்கிறாள் அந்தத் தாய். எடுத்துக் கொடுக்க வழியில்லை. குழந்தை அழுததும் அத்தனை கேஸ் புக்கும் கையெழுத்துக்கு நீளும்.

கோரிக்கை ஒன்றுதான்: ஒரு கல்லூரி பயிற்சிக்குக் காட்டும் இணைப்பு மருத்துவமனையில் நடக்கும் பிரசவங்களை எண்ணி, அதற்கேற்ற மாணவர் இடங்களுக்கு மட்டும் அங்கீகாரம் கொடுங்கள்.

பாடத்தில் பாதியாவது செய்முறையாக இருக்க வேண்டும் என்கிறது சர்வதேச மருத்துவச்சியர் கூட்டமைப்பின் தரநிலை. 2018-இல் 18 மாத மருத்துவச்சிப் பயிற்சிக்கு வழிகாட்டுதல் தந்தீர்கள். 2023-இல் வந்த தேசிய செவிலியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டத்தில் கல்லூரிகளை மதிப்பிடத் தனி வாரியமே உண்டு. காகிதத்தில் குறையில்லை. ஆய்வு நாளைப் பார்க்க வேண்டுமே! புதுப் பெயிண்ட், அன்றைக்கு மட்டும் தலைகாட்டும் பேராசிரியர்கள், சால்வை, விருந்து, உறை பிரிக்காத பயிற்சிப் பொம்மை. அந்தப் பொம்மைக்கு ரத்தம் போகாது என்பதால் எல்லாம் சுபமாகவே முடியும்.

மன்னிக்கவும். பணிவுடன் கேட்பது இதுதான்: பிரசவங்களை எண்ணுங்கள். ஆய்வுக்குழு சொல்லாமல் வரட்டும். கல்லூரிக்குப் போகுமுன் பிரசவ அறைக்கு வரட்டும். எங்கள் பதிவேட்டையும் அவர்களுடைய கேஸ் புக்குகளையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கணக்கு உதைக்கும் கல்லூரிகளில் அடுத்த சேர்க்கையை நிறுத்திவையுங்கள். ஏற்கெனவே கட்டணம் கட்டிப் படிக்கும் மாணவிகளை, பிரசவம் அதிகம் நடக்கும் வேறு மருத்துவமனைகளுக்குப் பயிற்சிக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனைப் பிரசவ அறைச் செவிலியர் ஒருவர்