வெண்குறுமீன் ஆய்வில் துணைநின்றோர்க்கு நன்றி மடல்

மதிப்பிற்குரியோரே,

துடிக்கும் வெண்குறுமீன்களின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களின்) உட்புற அமைப்பைப் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வு நிறைவுற்றது. ஆய்வேட்டின் நன்றியுரைக்குக் கிடைத்த அரைப் பக்கம் போதவில்லை, ஆகவே இம்மடல்.

வெண்குறுமீனின் உள்ளே இருப்பதை நேரில் காண வழியில்லை. அதன் ஒளி சில நிமிடங்களுக்கு ஒருமுறை கூடிக் குறைவதை அளந்து, அந்த அலைவுக் காலங்களைக் கொண்டே, மேலுள்ள ஹைட்ரஜன் படலம் எவ்வளவு தடிமனானது, கருவில் கார்பனும் ஆக்சிஜனும் எந்த விகிதத்தில் கலந்துள்ளன என்று கணிக்கிறோம். எச்.எல். டாவ் 76 என்ற விண்மீனில் ஏறத்தாழ 12.5 நிமிடத் துடிப்பு இருப்பதை ஆர்லோ லேண்டோல்ட் 1968இல் அறிவித்த காலந்தொட்டு, தரையிலிருந்து அளப்போருக்குப் பகல்தான் பெருந்தொல்லை. விடிந்ததும் அளவீடு அறுந்துபோகிறது. அறுந்த தரவில் உண்மையான அதிர்வெண் ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் 11.57 மைக்ரோஹெர்ட்ஸ், அதாவது நாளுக்கு ஒருமுறை என்ற அதிர்வெண் அளவு, தள்ளி வரைபடத்தில் போலி முகடுகள் எழுகின்றன.

அவற்றிடம் நானும் ஏமாந்தேன். மூன்று முகடுகள் சம இடைவெளியில் நிற்கக் கண்டு, அவை விண்மீனின் சுழற்சியால் ஒரே அதிர்வெண்ணிலிருந்து பிளந்தவை என்று நம்பி (அத்தகைய பிளவின் இடைவெளி சுழற்சி அதிர்வெண்ணில் ஏறத்தாழப் பாதி), விண்மீன் சுமார் 12 மணி நேரத்தில் ஒருமுறை சுழல்வதாக ஓர் இயலையே எழுதி முடித்திருந்தேன். அச்சிட்ட வரைபடத்தில் அந்த இடைவெளியைப் பென்சிலால் வட்டமிட்டு, "இது நாளுக்கு ஒன்று அல்லவா?" என்று ஓரத்தில் எழுதித் தந்த மூத்த ஆய்வாளர் அக்காவுக்கே என் முதல் நன்றி. நான் அளந்திருந்தது பூமியின் சுழற்சியை.

எங்களுக்குப் பகலாக இருந்தபோது தங்கள் இரவை எனக்காகச் செலவிட்ட பிற தீர்க்கரேகைகளின் நோக்கர்களுக்குக் கடன்பட்டுள்ளேன். 1980களில் முழுப் புவித் தொலைநோக்கித் திட்டம் தொடங்கிவைத்த வழக்கம் இது. முகமறியாத ஒருவருக்காகக் கண்விழிப்பது இன்றும் எனக்கு வியப்பே. அவர்கள் அனுப்பிய தரவைச் சேர்த்ததும் பக்க முகடுகள் தாழ்ந்தன, நடு முகடு மட்டும் நின்றது.

இரவுப் பணி உதவியாளர் ஐயாவின் குறிப்பேட்டில் "2:14 முதல் 2:31 வரை மெல்லிய மேகம்" என்றொரு வரி உண்டு. அந்தப் பதினேழு நிமிடங்களை நீக்கியிராவிட்டால் மேகத்தையும் துடிப்பாகவே எண்ணியிருப்பேன். கெப்லர், டெஸ் விண்கலத் தரவுகளை எவரும் எடுத்தாளத் திறந்துவைத்தோருக்கும் நன்றி.

என் வழிகாட்டிப் பேராசிரியர் அந்த இயலைத் திருப்பித் தந்தபோது வருந்தினேன். திருத்திய இயலில் சுழற்சிக் காலம் பற்றிய பத்தி இல்லை. ஹைட்ரஜன் படலத்தின் தடிமன் மட்டும் இருக்கிறது, அதுவும் அவர் வற்புறுத்திய பிழை வரம்புகளுடன்.

நன்றியுடன்,
ஆய்வு மாணவி