டெஸ்டர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சோக் வைத்த பழைய டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு எல்இடி பேட்டன் (பட்டை வடிவ நீள விளக்கு) மாட்டுவது பற்றிப் பத்திரிகைகளில் வரும் வீட்டுக்குறிப்புகள், 'டெஸ்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பதோடு முடிந்துவிடுகின்றன. மாட்டிய பிறகு வரும் தொல்லைகளில் அந்த டெஸ்டரே ஆளைத் திசைதிருப்பிவிடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அடிக்கடி கேட்கும் புகார், ஸ்விட்சை அணைத்த பிறகும் விளக்கு மங்கலாக எரிகிறது என்பது. கடைக்குப் போய் வேறு விளக்கு வாங்கி வருவார்கள். அதுவும் அப்படியே எரியும். ஸ்விட்ச், ஃபேஸில் (மின்சாரம் வரும் ஒயர்) இல்லாமல் நியூட்ரலில் (அது திரும்பும் ஒயர்) இருப்பது இதற்கு முக்கியமான காரணம். அணைத்தாலும் விளக்குவரை 230 வோல்ட் வந்து நிற்கிறது. அதிலிருந்து கசியும் துளி மின்னோட்டமே எல்இடிக்குப் போதும். குண்டு பல்புக்கும் சோக்குக்கும் அது போதாது. அதனால் பழுது பல வருடமாக வெளியே தெரியாமல் கிடந்திருக்கும். மங்கல் வெளிச்சத்தால் கெடுதல் இல்லை. ஸ்விட்சை அணைத்தாயிற்று என்று நம்பி ஸ்டூலில் ஏறிக் கை வைப்பவருக்கு ஷாக் அடிக்கும், கவலை அதுதான்.

கண்டுபிடிக்க, மெயினை அணைத்து விளக்கின் இரண்டு ஒயர்களையும் கழற்றி, முனைகள் எதிலும் படாமல் விலக்கி வையுங்கள். மெயினைப் போட்டு, விளக்கின் ஸ்விட்ச் ஆஃபில் இருக்கும்போது, ஒவ்வொரு ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரில் ஏசி வோல்ட் பாருங்கள். ஒன்றில் 230-ஐ ஒட்டி வந்தால் ஸ்விட்ச் நியூட்ரலில் இருக்கிறது. 40, 60 என்று நிலையில்லாமல் அலைந்தால், ஒரே பைப்பில் ஓடும் பக்கத்து ஒயரின் தூண்டல். அதற்கு விளக்குக்கு இணையாக 0.1 மைக்ரோஃபேரட், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகை கெப்பாசிட்டர் ஒன்று போதும். ஃபேன் கெப்பாசிட்டரைப் போடக் கூடாது. மீட்டருக்குப் பதில் 60 வாட் டெஸ்ட் லாம்பை எர்த்தோடு சேர்த்துப் பார்த்தால், ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்) உள்ள வீட்டில் உடனே ட்ரிப் ஆகும். அந்த பல்பு இழுப்பது சுமார் 260 மில்லிஆம்பியர். ஆர்சிசிபி தாங்குவதோ 30.

ஸ்விட்ச் நியூட்ரலில் இருந்தால் மூன்று பின் சாக்கெட்டுகளையும் பாருங்கள். எர்த் துளை மேலே இருக்க, ஃபேஸ் வலப்பக்கம் வர வேண்டும். வீடு முழுக்க இடப்பக்கம் வந்தால் ஃபேஸும் நியூட்ரலும் மெயினிலேயே மாறியிருக்கின்றன. ஒரு ஒயரை மட்டும் துண்டிக்கும் சாதாரண ஒற்றை எம்சிபி (ட்ரிப் ஸ்விட்ச்), அந்த வீட்டில் துண்டிப்பது நியூட்ரலைத்தான். எம்சிபியை இறக்கிவிட்டு வேலை செய்வது அங்கே பாதுகாப்பே அல்ல. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் மெயின் ஸ்விட்சைத்தான் அணைக்க வேண்டும். மாற்றிச் சரிசெய்வது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை.

அடுத்தது, ஹாலில் விளக்கு மாற்றினால் படுக்கையறை ஃபேன் நின்றுபோவது. போய் டெஸ்டர் வைத்தால் இரண்டு முனையிலும் எரியும். 'டபுள் ஃபேஸ் வந்துவிட்டது' என்று பயப்படுவார்கள். அப்படி எதுவும் வரவில்லை. சீலிங்கில் இரண்டு மூன்று கறுப்பு ஒயர்கள் சேர்ந்திருந்தால் அது அடுத்த அறைக்குப் போகும் நியூட்ரல் லூப். புது விளக்கில் ஒன்றை மட்டும் மாட்டி மற்றதைச் சுருட்டி உள்ளே தள்ளிவிட்டால் அங்கே நியூட்ரல் அறுந்துவிடுகிறது. ஃபேஸ், ஃபேனுக்குள் புகுந்து மறு ஒயரிலும் தலைகாட்டுகிறது. கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துவைத்தால் இந்தத் தொல்லையே கிடையாது.

புது விளக்கு மாட்டியதும் ஆர்சிசிபி நிற்காமல் விழுந்தால், பச்சை ஒயரை நியூட்ரலாகப் பயன்படுத்தியிருக்கிறார்களா, நியூட்ரலின் ஓர் இழை விளக்கின் உலோக உடலில் படுகிறதா என்று பாருங்கள். எல்லா எம்சிபியையும் இறக்கிய பிறகும் விழுகிறதென்றால் நியூட்ரல்–எர்த் தொடர்பு மேல்தான் முதல் சந்தேகம். ஃபேஸ், நியூட்ரல் மாறாத வீட்டில் ஒற்றை எம்சிபி நியூட்ரலைத் துண்டிப்பதில்லை. இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் இரண்டு நியூட்ரல்கள் கலந்துபோவதும் உண்டு.

எரிந்து எரிந்து அணைவதற்குத் தளர்ந்த இணைப்பு காரணமாக இருக்கலாம். விளக்கோடு வரும் மெல்லிய ஒயரை 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரோடு முறுக்கி டேப் சுற்றினால், நாளடைவில் தளர்ந்து சூடாகும். 8 முதல் 10 மில்லிமீட்டர் உரித்து, ஸ்க்ரூவுக்கடியில் பிளாஸ்டிக் சிக்காமல், கனெக்டரில் இறுக்குங்கள். முடுக்கிய பின் ஒவ்வொரு ஒயரையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
மின்பணியாளர், திருச்சி