போலந்து இசையமைப்பாளர் பெண்டெரெட்ஸ்கி அவர்களுக்கு, ஒரு மார்ச் 29 கடிதம்

ஐயா,

2020இல் இதே தேதியில்தான் கிராகோவில் நீங்கள் காலமானீர்கள். அன்றே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. கோபம் விடவில்லை.

உங்கள் கதையை உங்களுக்கே சொல்லப்போவதில்லை. ஹிரோஷிமாவின் பெயரால் அறியப்படும் உங்கள் இரங்கல் இசை 'திரெனடி'யில் 52 தந்திக் கருவிகளுக்கு நீங்கள் போட்ட அந்தக் கறுப்பு முக்கோணம் போதும்: உன் கருவி எட்டும் உச்சத்தை வாசி. என்ன ஸ்வரம் என்ற பேச்சே இல்லை! 1960இல் அப்படி எழுதிய கை, 1980இல் இரண்டாம் சிம்பொனிக்குள் 'சைலன்ட் நைட்' என்ற பழைய கிறிஸ்துமஸ் பாடலின் மெட்டைக் கொண்டுவந்து வைத்தது. நண்பர்கள் நடுவே உங்களைத் துரோகி என்று பேசியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு மன்னியுங்கள். காரணத்துக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். பாதை போட்டவரே திரும்பி நடந்தால், நம்பிப் பின்னால் வந்தவர்கள் எங்கே போவது? 1966இலேயே, இயேசுவின் பாடுகளைப் பாடும் லூக்கா பாஷனை ஈ மேஜர் என்ற மரபான இசைவில்தானே முடித்தேன் என்பீர்கள். சரி.

அப்பா இறந்த பிறகு ஓர் இரவு. வீட்டில் நடந்த எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது, சொந்தக்காரர்களும் படிக்கிறார்கள். எல்லோரும் தூங்கியதும் ஹெட்போனில் 'திரெனடி'யைப் போட்டேன். ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஊரே எரியும்போது எழும் அலறல் அது. ஒரே ஒருவருக்காக அழ அதில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. அப்புறம் 'லாக்ரிமோசா' என்ற உங்கள் கண்ணீர்ப் பாடல். 1970இல் போலந்தின் கிடான்ஸ்கில் சுட்டுக் கொல்லப்பட்ட தொழிலாளர்களின் நினைவுச்சின்னத் திறப்புக்காக, சாலிடாரிட்டி தொழிற்சங்கம் கேட்டு நீங்கள் எழுதியது. அந்த சோப்ரானோ பெண் குரல் மேலே ஏற ஏற அழுதேன். முடிந்ததும் மறுபடி போட்டேன். அப்பாவின் சட்டை மடியில் இருந்தது. நான் திட்டித் தீர்த்த அந்தப் பழைய வழியிலிருந்துதான் குரல் வந்தது. நன்றி ஐயா, மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் அன்றிலிருந்து வேறொன்று உறுத்துகிறது. 'திரெனடி'க்கு நீங்கள் முதலில் வைத்த பெயர் வெறும் நேரக் கணக்கு: 8 நிமிடம் 37 விநாடி. ஹிரோஷிமா பிறகுதான் வந்தது. 'லாக்ரிமோசா'வையோ 'போலிஷ் ரெக்வியம்' என்ற பெரிய இரங்கல் இசையாகவே வளர்த்தீர்கள். போலந்துத் திருச்சபைத் தலைவர் கார்டினல் விஷின்ஸ்கி இறந்தபோது ஒரு பகுதி, 2005இல் போப் இரண்டாம் ஜான் பால் இறந்தபோது இன்னொரு பகுதி. உங்கள் மண்ணின் மனிதர்களுக்கு 25 வருடம் எழுதிக்கொண்டே இருந்தீர்கள். ஹிரோஷிமாவில் செத்தவர்களுக்கு, எழுதி முடித்த ஒன்றின் பெயரை மாற்றிக் கொடுத்தீர்கள். அவர்களுக்கும் ஒரு மெட்டைத் தேடியிருக்கலாமே, ஐயா?