தலைப்பில் முத்தம், வீட்டில் தனி டம்ளர்: மருத்துவச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாளிதழ், வார இதழ், யூடியூப் சேனல்களில் மருத்துவச் செய்திகளைக் கவனிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். திண்டுக்கல்லில் மருந்துக்கடை நடத்துகிறேன். என் தங்கைக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.), அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய். உங்களுக்கு எழுத இந்த இரண்டைத் தவிர வேறு தகுதி எனக்கில்லை. எம்.எஸ். நோய்க்குக் காரணம் முத்தத்தில் பரவும் ஒரு வைரஸ் என்று நீங்கள் அவ்வப்போது போடும் செய்தியைப் பற்றித்தான் இந்த மடல். அது பொய்ச் செய்தி இல்லை. பாதிச் செய்தி. அந்தப் பாதிதான் எங்கள் வீடுவரை வந்து சேர்கிறது.

நீங்கள் மேற்கோள் காட்டும் ஆய்வு 2022 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஹார்வர்டில் ஆல்பர்ட்டோ அஸ்கெரியோ குழுவினர் செய்தது. அமெரிக்க ராணுவத்தில் எச்.ஐ.வி. பரிசோதனைக்காக எல்லாரிடமும் அவ்வப்போது ரத்தம் எடுப்பார்கள். மிச்சமாகும் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரை, கொட்டிவிடாமல் உறைய வைத்திருந்தார்கள். 20 ஆண்டுகளில் பணியில் இருந்த 1 கோடிக்கும் அதிகமானவர்களில் 955 பேருக்கு எம்.எஸ். வந்தது. அவர்களில் 801 பேரின் பழைய ரத்தம் சோதிக்கக் கிடைத்தது. முதல் மாதிரியில், நீங்கள் சொல்லும் அந்த வைரஸ், எப்ஸ்டீன்-பார், தொற்றாதிருந்தவர்கள் வெறும் 35 பேர். நோய் தலைகாட்டும் முன்பே அவர்களில் 34 பேருக்கு வைரஸ் வந்துவிட்டிருந்தது. தொற்று வந்தபின் எம்.எஸ். வரும் ஆபத்து 32 மடங்கு என்று கணக்கு வந்தது.

எனக்குப் பிடித்தது அதற்கடுத்து அவர்கள் செய்த வேலை. இதேபோல எச்சில் வழியாகப் பரவும் சைட்டோமெகலோ வைரஸையும் அதே ரத்தத்தில் தேடினார்கள். அது தொற்றியவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. நரம்பிழை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதத்தையும் அளந்தார்கள். அதுவும் எப்ஸ்டீன்-பார் வந்த பிறகுதான் ஏறியிருக்கிறது. ஆக, வைரஸ் முந்தி, நோய் பிந்தி. இவ்வளவு வலுவான சாட்சி அதற்கு முன் இருந்ததில்லை.

இதுவரை நீங்களும் சரியாகவே எழுதுகிறீர்கள். அடுத்த வரிதான் காணாமல் போகிறது. வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேர் உடம்பில் இந்த வைரஸ் உண்டு. அநேகமாக உங்களிடமும் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. உலகம் முழுக்க எம்.எஸ். உள்ளவர்கள் சுமார் 29 லட்சம் பேர்தான். வைரஸ் இல்லாமல் இந்த நோய் வருவது அபூர்வம். வைரஸ் இருப்பவருக்கு இந்த நோய் வருவதும் அபூர்வம். எச்.எல்.ஏ. என்ற மரபணுக் குடும்பத்தில் ஒரு குறிப்பிட்ட வகை, புகைப்பழக்கம், வைட்டமின் டி குறைவு, விடலைப் பருவத்து உடல்பருமன் என்று இன்னும் பல சேர வேண்டும். அதை விட்டுவிட்டு எல்லாரும் முத்தத்தைப் பிடித்துக்கொள்கிறீர்கள். முத்தம் இல்லாத ஒரு தலைப்பை நான் இன்னும் பார்க்கவில்லை.

போன வருஷம் அப்படி ஒரு செய்தி அட்டை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. அடுத்து வந்த வளைகாப்பில் எல்லாருக்கும் டபரா டம்ளரில் காபி, என் தங்கைக்கு மட்டும் பேப்பர் கப். பெரியம்மா ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார். தங்கையும் வாங்கிக் குடித்தாள். சித்தி மகன் ஒருவன் அக்கறையோடு அவளை ஒரு லேபுக்கு வேறு அழைத்துப்போய் இந்த வைரஸுக்கான ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்க வைத்தான். ஐஜிஜி பாசிட்டிவ், அதாவது எப்போதோ தொற்றிய தடயம் உண்டு என்று தடித்த எழுத்தில் ரிப்போர்ட் வந்தது. வராமல் என்ன செய்யும்? அந்த லேபில் ரத்தம் எடுத்தவருக்கும், பில் போட்டவருக்கும் எடுத்துப் பார்த்திருந்தால் அதேதான் வந்திருக்கும். எம்.எஸ். தொற்றுநோய் இல்லை என்று அவனுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது.

நம் ஊர்க் கதையே வேறு என்பதையும் நீங்கள் எழுதலாம். இங்கே ஆத்தா மென்று ஊட்டி, அக்கா கடித்த முறுக்கில் பாதி வாங்கி, பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த வைரஸ் விவரம் தெரியாத வயதிலேயே வந்துவிடுகிறது. சட்டைத் துணியைச் சுற்றிக் காக்காய்க் கடி கடித்தெல்லாம் அதைத் தடுத்துவிட முடியாது. அந்த வயதில் வந்தால் சாதாரணச் சளிக் காய்ச்சலாகப் போய்விடும், பல நேரம் அதுவும் தெரியாது. மேலை நாடுகளில் பதின்ம வயதுவரை தள்ளிப்போகிறது. அப்போது வந்தால் கழுத்தில் நெறி கட்டி, தொண்டை வீங்கி, வாரக்கணக்கில் படுக்கவைக்கும் சுரப்பிக் காய்ச்சல். அப்படிக் காய்ச்சலாக வந்தவர்களுக்குப் பின்னாளில் எம்.எஸ். வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பு. இந்தியாவில் லட்சத்துக்கு 5 முதல் 10 பேர் என்று மதிப்பிடப்படும் நோய், வட ஐரோப்பாவில் லட்சத்துக்கு 100-ஐத் தாண்டுகிறது. வெயில், மரபணு என்று வேறு காரணங்களும் உண்டுதான். ஆனால் முப்பது வயதில் டம்ளரைப் பிரிப்பதால் யாருக்கும் ஒரு பாதுகாப்பும் இல்லை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கடையில் வேறொரு கூத்து. வீடியோ ஓடும் போனை நீட்டி, ஏசைக்ளோவிர் ஒரு அட்டை கொடுங்கள் என்கிறார்கள். அக்கி, சின்னம்மைக்குக் கொடுக்கும் வைரஸ் மருந்து அது. வைரஸ் பெருகும்போதுதான் அதற்கு வேலை. எப்ஸ்டீன்-பார் ரத்தத்தின் பி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்களுக்குள் ஆயுள் முழுக்க ஒடுங்கிக் கிடக்கும். ஒடுங்கிக் கிடப்பதை அந்த மாத்திரை தொடாது. சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றால் வேறு கடைக்குப் போகிறார்கள்.

பி செல் என்றதும் ஒரு நல்ல செய்தி. ஸ்டான்ஃபோர்டு குழு 2022-இல் 'நேச்சர்' இதழில் ஒன்றைக் காட்டியது. வைரஸின் ஒரு புரதமும், மூளையில் உள்ள கிளையல்கேம் என்ற புரதமும் ஓரிடத்தில் ஒத்திருக்கின்றன. வைரஸை அடிக்கப் பிறந்த ஆன்டிபாடி ஆள் தெரியாமல் மூளையையும் அடிக்கிறது. எல்லா நோயாளியிடமும் இல்லை, நாலைந்தில் ஒருவரிடம். பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் எம்.எஸ்.ஸில் நன்றாக வேலை செய்வதும் இதற்குப் பொருந்தி வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அதை இந்த நோய்க்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவிலேயே தயாராகும் மருந்து. இதற்கு ஒரு தலைப்பு போட்டால் என்ன?

'தடுப்பூசி வருகிறது' என்பதையும் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். இந்த வைரஸுக்கான தடுப்பூசிகள் சோதனையில் இருப்பது உண்மை. அவற்றில் பல இன்னும் தொற்றாதவர்களுக்குத்தான். வென்றாலும் எம்.எஸ். குறைகிறதா என்று பார்க்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வைரஸ் தங்கிய செல்களைத் தேடி அழிக்க உருவான ஏ.டி.ஏ. 188 என்ற சிகிச்சை, 2023 நவம்பரில், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும் வெற்று மருந்தைவிட மேலாக எதையும் காட்டாமல் நின்றுபோனது. தொடங்கியபோது வந்த உற்சாகத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தோற்றபோது தமிழில் நான் பார்க்கவில்லை. என் தங்கை அதை நம்பிக்கொண்டிருந்தாள்.

நான் கேட்பது இரண்டுதான். அந்த 95 சதவீதத்தைக் கடைசிப் பத்தியில் ஒளிக்காமல் தலைப்புக்கு அடுத்த வரியில் போடுங்கள். செய்தி அட்டையிலும் போடுங்கள், ஏனென்றால் பெரியம்மாக்கள் அதை மட்டும்தான் படிக்கிறார்கள்.

இன்னொன்று, வைரஸுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியை அறிகுறிகளுக்குக் கொடுங்கள். ஒரு கண் மட்டும் வலியோடு மங்குவது, இடுப்புக்குக் கீழே மரத்துப்போவது, குனிந்தால் முதுகில் ஷாக் அடிப்பது, வந்து சில வாரத்தில் தானாகவே சரியாவது. சரியாகிவிடுவதால்தான் எங்கள் ஊரில் இதை நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிச் சத்து மாத்திரையில் ஓட்டுகிறார்கள். நரம்பியல் மருத்துவரிடம் போய் எம்.ஆர்.ஐ. எடுப்பதற்குள் பலருக்கு இரண்டாவது, மூன்றாவது தாக்கு வந்துவிடுகிறது. சீக்கிரம் மருந்து தொடங்கினால் நடை தங்கும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் இந்த நோயும் இருக்கிறது, சான்றிதழ் கேட்டு வாங்கலாம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். பாதிப் பேருக்கு அது தெரியாது.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
திண்டுக்கல்.