வாசலில் நெரிசல், மாடியில் காலி

ஐயா,

வேலூரில் நான் தேர்வுக்குப் படிக்கப் போகும் படிப்பகத்தில் மூன்று வைஃபை பெட்டிகள் இருந்தும், எல்லார் போனும் வாசல் பெட்டியிலேயே தொங்குகிறது. எந்தப் பெட்டியோடு சேர்வது என்று முடிவு செய்வது போன்தான். நுழைந்ததும் பிடித்ததை மாடிக்குப் போனாலும் லேசில் விடாது, குடியாத்தம் பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்தவர் மாதிரி. போன வாரம் ஹால் டிக்கெட் இறக்க முக்கால் மணி நேரம் சுற்றியது. மாடியில் போனின் வைஃபையை அணைத்துப் போட்டேன், உடனே வந்துவிட்டது!

படிப்பகத்தில் கேட்டால், இன்னொரு பெட்டி வாங்கணுமாம். வேண்டாம் சார். வைஃபை ஓடும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (தடங்கள்) வழக்கமாக 1, 6, 11 என மூன்றுதான், நாலாவது பெட்டி இரைச்சலைத்தான் கூட்டும். வாசல் பெட்டியின் பவரைக் கொஞ்சம் குறைத்து, போன்களை 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இன்னொரு அலைவரிசைக்குத் தள்ளும் வசதியை முதலில் போட்டுப் பாருங்கள்.

ஒரு வாசகர்,
காட்பாடி