ஒரே ஒரு எண்ணை வைத்து நாள் குறிக்காதீர்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவு நடத்தும் தனியார் மருத்துவமனை நிர்வாகங்களுக்கும், அங்கே இரவும் பகலும் நிற்கும் டாக்டர்களுக்கும்,

வணக்கம். செப்சிஸ் என்றால், அதாவது தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டி உறுப்புகளே பழுதாகும் நிலை என்றால், என்னவென்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கப்போவதில்லை. "இன்ஃபெக்‌ஷன் ரத்தத்துல கலந்துருச்சு" என்று நீங்கள் சொல்லும் அந்த ஒரு வரியோடு ஐசியு வாசலில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ஒருவனாக எழுதுகிறேன்.

எங்கள் பெரியப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. சிறுநீர்த் தொற்றில் ஆரம்பித்து, குளிர்காய்ச்சல் வந்து, பேச்சு குழறி, பிபி இறங்கிய நிலையில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். சேர்த்த அன்று எடுத்த ரத்தத்தில், உடலுக்கு ரத்த ஓட்டம் போதாதபோது ஏறும் லாக்டேட் 5.8, பாக்டீரியா தொற்றில் ஏறும் புரோகால்சிடோனின் 62. மறுநாள் டியூட்டி டாக்டர் வெளியே வந்து, "62 இருக்குங்க, இந்த அளவுக்கு ஏறினா சான்ஸ் இல்ல, கூட்டிட்டுப் போறதா இருந்தா இப்பவே சொல்லிருங்க" என்றார். நின்றபடியே சொன்னார், போய்விட்டார். அண்ணன்மார் இரண்டு பேரும் வராந்தாவிலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். பெரியம்மா, உயிர் வீட்டில் போகட்டும் என்றார். அடுத்த நாள் காலையில் சொந்தப் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸில் கூட்டி வந்தோம். அன்று ராத்திரியே போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து காப்பீட்டுக்காக ஃபைலை வாங்கியபோதுதான், கிளம்பிய அன்று விடியற்காலையில் எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட்டும் அதற்குள் இருந்தது தெரிந்தது. புரோகால்சிடோனின் 24. பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. அதற்கான பணத்தைக் கவுன்டரில் கட்டியவன் நான்தான், ரசீது இருக்கிறது. ரிப்போர்ட் வருவதற்குள் நாங்கள் வண்டியில் ஏறிவிட்டோம், அதன் பிறகு கூப்பிட்டுச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. லாக்டேட்டை இரண்டாம் முறை எடுத்ததாக ஃபைலில் எங்கேயும் இல்லை.

அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. வயது, சர்க்கரை, கிட்னி எல்லாம் சேர்ந்து என்ன செய்திருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? இறங்குகிறது என்று தெரிந்திருந்தால் அந்தக் கையெழுத்தை அன்று போட்டிருக்க மாட்டோம். கேள்வி அவ்வளவுதான், ஆனால் அது எங்கள் வீட்டில் இன்னும் பேசித் தீரவில்லை.

அதனால் கேட்கிறேன்: ஒரே ஒரு எண்ணை வைத்து நாள் குறிக்காதீர்கள். அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை எங்களிடம் சொல்லுங்கள்.

இது வாட்ஸ்அப்பில் படித்துவிட்டுப் பேசுவதல்ல, உங்கள் துறை எழுதி வைத்திருப்பதுதான். அமெரிக்காவில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, நான்காம் நாளுக்குள் புரோகால்சிடோனின் 80 சதவீதத்துக்கு மேல் இறங்காத நோயாளிகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள், அப்படி இறங்கியவர்களைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு என்று சொன்னது. அதாவது சேதி சொல்வது முதல் நாள் எண்ணைவிட அதன் போக்குதான், அதைப் பார்க்க நான்காம் நாள் வரை காத்திருக்க வேண்டும். அப்போதும் அது இத்தனை பேரில் இத்தனை பேர் என்கிற கணக்குதான், இந்தக் கட்டிலில் படுத்திருப்பவர் யார் பக்கம் என்று சொல்லிவிடாது. போதாததற்கு, பெரிய ஆபரேஷனுக்குப் பிறகும் தீக்காயத்திலும் இது ஏறும், கிட்னி கெட்டிருந்தாலும் கூடுதலாகக் காட்டும். லாக்டேட்டும் அப்படித்தான்: ஈரல் பழுதானாலும் ஏறும், பிபியைத் தூக்க நீங்கள் ஏற்றும் அட்ரினலினாலும் ஏறும். 2-க்கு மேல் இருந்தால் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதும் உங்கள் வழிமுறைதான். 5.8-ஐப் பார்த்த பிறகும் ஏன் எடுக்கவில்லை?

சரி, புரோகால்சிடோனினை வேறு எதற்காவது பயன்படுத்தினார்களா என்றால் அதுவும் இல்லை. ஆன்டிபயாடிக்கை எப்போது நிறுத்தலாம் என்று தீர்மானிக்கத்தான் அது மிகவும் உதவும். நெதர்லாந்தில் 1,500-க்கும் மேற்பட்ட ஐசியு நோயாளிகளிடம் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வில், அந்த அளவைப் பார்த்து மருந்தை நிறுத்திய குழுவுக்கு ஆன்டிபயாடிக் நாட்கள் குறைந்தன, 28 நாளில் இறப்பு 20 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 25. மருந்தை ஆரம்பிக்க அதைப் பார்க்க வேண்டாம் என்று செப்சிஸ் சிகிச்சைக்கான 2021-இன் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் இது எப்படி நடக்கிறது? டெஸ்ட் தினமும் உண்டு, பில் தினமும் உண்டு, மருந்தில் ஒரு மாற்றமும் கிடையாது. எண்ணுக்குக் கிடைக்கும் ஒரே உபயோகம், "சான்ஸ் இல்ல" என்று சொல்ல ஒரு சாட்சி.

2019-இல் ஆண்ட்ரோமெடா ஷாக் என்றொரு ஆய்வு வந்தது, பார்த்திருப்பீர்கள். விரல் நுனியைக் கண்ணாடித் துண்டால் பத்து வினாடி அழுத்தி விட்டுவிட்டு, நிறம் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துச் சிகிச்சை செய்தது ஒரு குழு, லாக்டேட்டைப் பார்த்துச் செய்தது இன்னொரு குழு. 28 நாளில் இறப்பு முதல் குழுவில் 34.9 சதவீதம், லாக்டேட் குழுவில் 43.4 சதவீதம். புள்ளியியல் கணக்குப்படி உறுதியாகச் சொல்லப் போதாத வித்தியாசம்தான், ஆனாலும் ஒரு கண்ணாடித் துண்டும் கடிகாரமும் லாக்டேட்டுக்குக் குறைந்துபோகவில்லை. இதை ஏன் எங்கள் பக்கம் யாரும் செய்து நான் பார்க்கவில்லை என்று யோசித்தேன். விரலை அழுத்துவதற்குப் பில் போட முடியாதே! கையுறைக்குப் போடலாம், பஞ்சுக்குப் போடலாம், பைல்ஸ் ஆபரேஷனுக்கு ஆஃபர் போட்டு பஸ் ஸ்டாண்டில் போர்டு வைக்கலாம், செப்டம்பர் 13 செப்சிஸ் தினத்துக்கு ரிப்பன் குத்திக்கொண்டு போட்டோ எடுக்கலாம். ஐசியு வாசலில் நிற்பவனுக்கு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேச மட்டும் ஆள் கிடையாது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். எல்லா டாக்டரும் அப்படி இல்லை என்று தெரியும். ஒருவரே இருபது கட்டிலைப் பார்க்கும் ராத்திரிகளும் உண்டு என்று தெரியும். அந்த டியூட்டி டாக்டருக்கு வயது முப்பதுகூட இருக்காது, அவரைத் தனியாக விட்ட நிர்வாகத்திடம்தான் முக்கியமாகக் கேட்கிறேன்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நோயின் போக்கைப் பற்றியும் சிகிச்சை எதை நோக்கி என்பதைப் பற்றியும் 72 மணி நேரத்துக்குள் குடும்பத்தோடு பேசிவிடச் சொல்கிறது அதே 2021 வழிகாட்டுதல். அந்தப் பேச்சு உட்கார்ந்து நடக்கட்டும், மூத்த டாக்டர் ஒருவர் இருக்கட்டும். அன்றைய லாக்டேட், புரோகால்சிடோனின், பிபியைத் தூக்கும் மருந்தின் அளவு, சிறுநீர் எவ்வளவு போனது, நேற்று இவை என்ன, இவ்வளவையும் ஒரே தாளில் தமிழில் எழுதித் தினமும் கையில் கொடுங்கள். கூட்டிக்கொண்டு போகிறோம் என்று நாங்களே சொன்னாலும், வரவேண்டிய ரிப்போர்ட் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். மோசம் என்றால் மோசம் என்றே சொல்லுங்கள், தாங்கிக்கொள்வோம். ஒற்றை எண்ணைச் சொல்லி அனுப்பாதீர்கள்.

தாள் அச்சடிக்கச் செலவாகும் என்று நிர்வாகத்தில் யாராவது கணக்குப் பார்த்தால், மாதிரியை மட்டும் அனுப்புங்கள், நாங்கள் அடித்துத் தருகிறோம். அதற்கு அட்வான்ஸ் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
ஐசியு வாசலில் நின்ற ஒருவன்