சீட்டில் வராத கேப்சூல்கள்

ஆசிரியருக்கு,

இதய வால்வு மாற்றியவர்கள் பலர், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் மாத்திரை சாப்பிடுகிறார்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்து, அதற்கேற்ப டாக்டர் மருந்தைக் கூட்டிக் குறைப்பார். அந்தக் கணக்கையே குலைத்துவிடுகின்றன, டாக்டர் சீட்டில்லாமல் வாங்கும் சத்து மாத்திரைகள்.

என் மாமியார் மூட்டுவலிக்கென்று குளுக்கோசமினும் மஞ்சள் கேப்சூலும் சேர்த்துக்கொண்டார். கொஞ்ச நாளில் பல் தேய்த்தால் ஈறில் ரத்தம், முழங்கையில் கன்றிப்போன திட்டுகள். "இயற்கைதானே" என்று டாக்டரிடம் சொல்லவே இல்லை. நல்லவேளை, அடுத்த பரிசோதனையில் தெரிந்துவிட்டது.

குழம்பில் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். கேப்சூலில் இருப்பது செறிவூட்டிய சாறு. பலவற்றில் மிளகுச் சத்தும் சேர்ந்திருக்கும். மீன் எண்ணெய், பூண்டு, ஜின்கோ என்ற மூலிகைக் கேப்சூல்களும் ரத்தக்கசிவைக் கூட்டலாம். வைட்டமின் கே உள்ள மல்டிவைட்டமின் நேர்மாறு; மருந்தின் வேலையைக் குறைத்து, வால்வில் ரத்தம் உறைய வழிவிடும். அதற்காக யாரும் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது, அது இன்னும் ஆபத்து.

டப்பாவில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கும் எச்சரிக்கையைத் தமிழிலும் பெரிதாக அச்சிட அரசு உத்தரவிட வேண்டும். கடைக்காரரும் இதை விற்கும்முன் வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கட்டும்.

— வாசகி, மதுரை